சளி என்று சொன்ன பொய்

டிசம்பர் கடைசி வாரம் திருப்பூர் எக்ஸ்போர்ட் ஆபீஸ்காரனுக்குப் பொற்காலம். வெளிநாட்டு பையர்கள் எல்லாம் கிறிஸ்துமஸ் லீவு. 'ஷிப்மென்ட் என்னாச்சு?' என்று ஒரு மெயில் வராது.

சில வருஷம் முன்பு அப்படி ஒரு ராத்திரி, அறை நண்பன் லேப்டாப்பில் படம் போட்டான். அவன் வீட்டில் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் பார்ப்பார்களாம். 'தி பெல்ஸ் ஆஃப் செயின்ட் மேரிஸ்'. 1945-ல் வந்த கறுப்பு வெள்ளைப் படம்.

"கன்னியாஸ்திரி படமா? தூங்கிடுவேன்டா!" என்றேன்.

தூங்கவில்லை. கன்னியாஸ்திரி இங்க்ரிட் பெர்க்மன், அடி வாங்கி வந்த பையனுக்குக் குத்துச்சண்டை கற்றுத் தருகிறார். வாண்டுகள் போடும் கிறிஸ்துமஸ் நாடகம் வயிறு வலிக்கும் சிரிப்பு. பாதிரியார் பிங் கிராஸ்பிக்கும் அவருக்கும் பள்ளிக்கூட விஷயத்தில் ஓயாத உரசல்.

திடீரென்று அவருக்குக் காசநோய். 'அவரிடம் சொல்ல வேண்டாம்' என்கிறார் டாக்டர். காரணம் சொல்லாமலே வேறு இடத்துக்கு மாற்றுகிறார்கள். பாதிரியாரோடு ஒத்துப்போகாததால்தான் அனுப்புகிறார்கள் என்று அந்தம்மா மனசுக்குள் வேகிறார்.

எனக்குச் சுருக்கென்றது.

மூலனூரில் எங்கப்பாவுக்கும் அதே வியாதி. தீபாவளிக்கு நான் கடனில் பைக் வாங்கியதில் இருவருக்கும் பெரிய சண்டை. அடுத்த வாரமே டி.பி. என்று தெரிந்தது. வீட்டில் தங்கச்சியின் கைக்குழந்தை. அப்பாவிடம், "நெஞ்சுச் சளிங்கப்பா. மாத்திரை சாப்பிடுங்க. முருங்கைக்காய் திருட்டுப் போகுது, தோட்டத்துச் சாளையிலேயே படுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டோம். பனிக்காலத்தில் முருங்கை என்ன விலை! நம்பிவிட்டார் என்று நினைத்தேன்.

விடிந்ததும் முதல் பஸ். தாராபுரத்தில் மாறி மூலனூர். நேரே சாளைக்குப் போய், "உங்களுக்கு டி.பி.ங்கப்பா" என்று போட்டு உடைத்தேன்.

அப்பா என்னையே பார்த்தார். "அட, அவ்வளவுதானா கண்ணு? பைக்கு சண்டையில ஊட்ட உட்டுத் தொரத்திப்போட்டீன்னு நெனச்சு, தூக்கமில்லாமக் கெடக்கறேன்!"

கட்டிலுக்கடியில் பாதி மாத்திரை அப்படியே இருந்தது. 'சளிக்கு எதுக்கு இத்தனை?' என்று நிறுத்திவிட்டாராம். பகீரென்றது. பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போய்விடும்.

அந்தப் படம் வந்த காலத்தில் இந்த மாத்திரைகள் கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, சானடோரியம் இவைதான் வைத்தியம். நம் பக்கத்துப் பெருந்துறை சானடோரியமும் அப்படி வந்ததுதான். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம்தான், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டிலிருந்தே குணமாகலாம் என்று உலகத்துக்கே காட்டியது. அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம்.

அன்றைக்கே அழைத்துப் போனேன். டாக்டர் திட்டியது அப்பாவை அல்ல, என்னை! மறுபடி ஆரம்பித்து, ஒரு வேளை விடாமல் சாப்பிட்டு முழுசாகக் குணமானார்.

போன கிறிஸ்துமஸுக்கு அந்தப் படத்தை அவருக்கும் போட்டுக் காட்டினேன். இங்கிலீஷ் புரியாது. கதையை நான்தான் சொன்னேன். முடிவில் பாதிரியார் உண்மையைச் சொன்னதும் அந்தம்மா முகம் மலர்கிறதே, அதற்கு மொழி வேண்டியிருக்கவில்லை.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமல்ல அந்தப் பாதிரியாரு?" என்றார் அப்பா.

டி.வி.யைப் பார்த்துத்தான் சொன்னார். எனக்குத்தான் உறைத்தது!