முதல் வரியும் கடைசி வரியும்

2019 ஏப்ரல் 26, வெள்ளிக்கிழமை. இஷாத் தொழுகைக்காக உளூ எடுத்துக்கொண்டிருந்தேன். சாய்ந்தமருதுப் பக்கமிருந்து முதல் வெடிச் சத்தம் வந்தது. கல்முனைக்குடியில் எங்கள் வீட்டு யன்னல் கண்ணாடிகள் நடுங்கின. உம்மா தஸ்பீகை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். விடியும்போது செய்தி முழுதாக வந்தது. வொலிவேரியன் கிராமத்து வாடகை வீடொன்றில் 6 பிள்ளைகள் உட்பட 15 உடல்கள். புதிதாகக் குடிவந்தவர்களைச் சந்தேகித்துத் தகவல் கொடுத்தவர்கள் எங்கள் ஊர் மக்கள்தான். அதை இன்றும் அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் அடுத்த நாளிலிருந்து தேடுதலுக்குள்ளானதும் அதே மக்கள்தான்.

அதற்கு முந்திய உயிர்த்த ஞாயிறன்று நடந்த குண்டுத் தாக்குதல்களில் 250-க்கும் அதிகமான உயிர்கள் பறிக்கப்பட்டிருந்தன. தேடுதல் தேவையில்லை என்று எங்களில் எவரும் சொல்லவில்லை. ஆனால் எது குற்றம் என்று தெரியாத நாட்கள் அவை. அறபெழுத்து இருந்தால் போதும் என்று பயந்து, தப்ஸீர் நூல்களைக் கிணற்றில் போட்டவர்களைக் கண்டேன். எங்கள் வீட்டில் எடுத்தவை நாலு அறபு நூல்கள், பயான் சீடிகள் சில, வாப்பா வயலுக்குக் கொண்டுபோன நீளக் கத்தி. வாப்பா மௌத்தாகி வருடங்களாகிவிட்டன. கத்தி தம்பியின் அறையில் கிடந்தது. அதனால் தம்பியைக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் அவனுடைய படம் முகநூலில் ஓடியது. 'வாள், அறபு நூல்களுடன் ஒருவர் கைது.' வயல் கத்தி ஓர் இரவில் வாளாகிவிட்டது. நோன்புப் பெருநாளையும் அவன் விளக்கமறியலில் கழித்தான். பிறகு பிணை. அதன்பின் ஒவ்வொரு தவணைக்கும், சட்டமா அதிபரின் ஆலோசனை இன்னும் வரவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் ஆலோசனை வந்தது. குற்றச்சாட்டு எதுவும் இல்லை, விடுவிக்கப்படுகிறார். நீதவான் அதைச் சொல்லி முடிக்க ஒரு நிமிடமும் ஆகவில்லை. கைதைப் படத்தோடு போட்டவர்களில் ஒருவர்கூட விடுதலையைப் போடவில்லை.

நாங்கள் எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

தம்பி ஏசி மெக்கானிக். கட்டாரில் வேலை சரிவந்து, பொலிஸ் ரிப்போர்ட் கேட்டார்கள். கொழும்புத் தலைமையகத்துக்கு விண்ணப்பித்தால், அங்கிருந்து நாம் குடியிருக்கும் இடத்துப் பொலிஸ் நிலையத்திடம் கேட்பார்கள். நிலையத்தில் புத்தகத்தைப் பார்த்துத்தான் பதில் எழுதுவார்கள். மாதங்கள் போயின. பதில் வரவில்லை. நேரில் போய்க் கேட்டபோது, "இவர்ட பேரில ஒரு குறிப்பு இருக்கு" என்றார் அங்கிருந்தவர். குறிப்பின் முடிவு என்ன என்று கேட்டேன். முடிவு எழுதப்படவில்லை. கைதான திகதி இருந்தது. விடுவிக்கப்பட்ட திகதி இல்லை.

அன்று இரவு தம்பி திண்ணையில் இருந்து சொன்னான்: "நான் வெளியில வந்துட்டன் காக்கா. என்ட பேர் இன்னும் உள்ளதான் இரிக்கி."

நான் சமாதான நீதவான். ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு நன்னடத்தைக் கடிதம் எழுதிக் கையொப்பமிட்டவன். என் கூடப்பிறந்தவனுக்கு என் கையொப்பம் உதவவில்லை.

வழி காட்டியவர் என்னோடு படிப்பித்த பாண்டிருப்பு ஆசிரியர். தமிழர். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் வந்தது. அதன்கீழ் அவருடைய அண்ணன் ஒரு காலம் உள்ளே இருந்தார். "சேர், விடுதலைய வாயால நம்பாதீங்க. எழுத்தில எடுங்க" என்றார். பழைய பிஸ்கட் ரின் ஒன்றைத் திறந்து, முப்பது வருடக் காகிதங்களைக் காட்டினார். மடிப்புகளில் கிழிந்து, பிளாஸ்டர் ஒட்டிய காகிதங்கள். எத்தனை சோதனைச் சாவடிகளில் அவை விரிக்கப்பட்டிருக்கும்! பக்கத்து ஊரில் இது நடந்த காலத்தில் நான் அதைச் செய்தியாக வாசித்துவிட்டுக் கடந்தவன். அந்த ரின்னுக்கு முன்னால் இருந்தபோது வெட்கம் என்னைப் பிடித்தது.

அவர் சொன்ன வரிசையில் நடந்தோம். முதலில் நீதிமன்றப் பதிவகத்தில் வழக்கு இலக்கத்தைக் கொடுத்து, விடுதலைக் கட்டளையின் உறுதிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பித்தோம். அதை இணைத்துப் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்குப் பதிவுத்தபாலில் கடிதம்: குறிப்புக்குப் பக்கத்தில் வழக்கின் முடிவையும் பதியுங்கள். அடுத்து, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு கோரிக்கை: என்னைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறீர்கள்? ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கல்முனைப் பிராந்திய அலுவலகத்திலும் முறைப்பாடு கொடுத்தோம்.

ஒன்றை மட்டும் இழந்துவிட்டோம். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போக அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தருவது ஒரு மாதம். மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் அந்த மாதத்துக்குள் முறையிட்டிருந்தால் விசாரணைக் காலம் அந்தக் கணக்கில் சேராது. அந்த ஒரு மாதமும் நாங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு பயந்திருந்தோம்.

புத்தகத்தின் முதல் வரியை அழிக்க ஒரு படிவமும் எனக்கு யாரும் காட்டவில்லை. கடைசி வரியை எழுதிக்கொள்ளத்தான் முடிந்தது. ஒரு காலைப்பொழுதில் கூப்பிட்டார்கள். இளம் அதிகாரி ஒருவர் கட்டளைப் பிரதியைப் பார்த்துச் சிங்களத்தில் எழுதினார். தம்பிக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. தன் பெயர் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டான். அதிகாரி விரலை வைத்துக் காட்டினார். ரிப்போர்ட் பிறகு வந்தது. கட்டார் வேலை அதற்குள் வேறொருவருக்குப் போய்விட்டது. தம்பி அடுத்த வருடம்தான் சவூதிக்குப் போனான்.

தாக்குதல்களுக்குப் பின்வந்த மாதங்களில் நாடு முழுவதும் கைதானவர்கள் 2,000-க்கும் அதிகம். பெரும்பாலோர் முஸ்லிம்கள். மன்னார்க் கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் கைதானார். புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது 2023 டிசம்பரில். அவரைப் போல் பெயர் அறியப்பட்டவர்களின் விடுதலையாவது செய்தியாகிறது. மேசனுக்கும் மீனவனுக்கும் ஏசி மெக்கானிக்குக்கும் அதுவும் இல்லை. குற்றவாளி என நிரூபிக்கப்படும்வரை எவரும் சுற்றவாளியே என்கிறது அரசியலமைப்பின் 13(5). அப்படியானால் கைதை எழுதிய கைதான் விடுதலையையும் எழுத வேண்டும். பிரதி எடுத்துக்கொண்டு அலைவது விடுவிக்கப்பட்டவனின் வேலையாக இருக்கக்கூடாது. நீதிமன்றம் கட்டளையிட்ட அன்றே அது நிலையத்துக்குப் போய்ப் பதிவாக வேண்டும். இதைச் சட்டமாகவே எழுத வேண்டும் என்று போகும் இடமெல்லாம் கேட்கிறேன்.

போன கிழமை நிந்தவூரிலிருந்து ஒரு தாய் வந்தார். மகனுக்கு வெளிநாட்டு வேலை, நன்னடத்தைக் கடிதம் வேண்டும் என்றார். கடிதத்தை எழுதிவிட்டுக் கேட்டேன்: "மகன்ட வழக்கு இலக்கம் தெரியுமா?" தெரியாது என்றார். வழக்கு ஒன்று இருப்பது எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பதிவகத்தில என்ன கேட்கணும் எண்டு ஒரு துண்டில எழுதித் தாங்க சேர்" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். இரண்டு பிரதி எடுக்கச் சொன்னேன். ஒன்று பொலிஸுக்கு. மற்றது ரின்னுக்கு.