அம்மம்மாவின் மூன்று ஸ்தோத்திரங்கள்

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முதல் குடும்ப ஜெபம் நடக்கும். நான் பிறக்க முதலே இருந்த வழக்கம் அது. பாயை விரித்து எல்லாரும் இருப்போம். ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், பிறகு அம்மம்மா ஜெபிப்பா. அவவின்ர ஜெபம் எப்பவும் ஒரே மாதிரித்தான் தொடங்கும். அன்றைக்கு நடந்த மூன்று காரியங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்பா. மூன்றும் அன்றைக்கே நடந்ததாக இருக்கவேணும். நேற்றையது கணக்கில் வராது.

சின்ன வயசில் எங்களுக்கு அது பெரிய பகிடி. "முருங்கையில பிஞ்சு பிடிச்சிருக்கு, ஸ்தோத்திரம் ஆண்டவரே. தபால்காரப் பொடியன் வெயிலுக்க வந்து எங்கட கிணத்துத் தண்ணி குடிச்சிட்டுப் போனான், ஸ்தோத்திரம். முழங்கால் நோ விடியப்புறம் கொஞ்சம் விட்டது, ஸ்தோத்திரம்." நானும் தம்பியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். கடவுளுக்கு முருங்கைப் பிஞ்சு ஒரு விஷயமா என்று எனக்கு இருந்தது.

2022 இல் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது.

அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினார்கள். ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட ஏலாது என்று நாடே அறிவித்தது. நான் கொழும்பில் ஒரு சின்னச் சுற்றுலா நிறுவனத்தில் கணக்கு வேலை பார்த்தேன். "நிலைமை சரிவந்தால் கூப்பிடுறம்" என்று சொல்லி எங்களில் பாதிப்பேரை நிறுத்தினார்கள். இரண்டு பையோடு யாழ்ப்பாணம் பஸ் ஏறினேன். அப்பா பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வான் ஓடுகிறவர். டீசல் இல்லை, வான் முற்றத்தில் நின்றது. அம்மா மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றா. தம்பி காஸ் வரிசையில் நின்றான்.

அன்றிரவும் பாய் விரித்தாச்சு. குப்பி விளக்கு எரிந்தது. அம்மம்மா தொடங்கினா: "பிள்ளை சுகமாய் வீடு வந்து சேர்ந்திட்டாள், ஸ்தோத்திரம் ஆண்டவரே."

எனக்குள் ஏதோ வெடித்தது. ஜெபத்துக்கு நடுவில் கண்ணைத் திறந்து கத்தினேன். "வேலை போய் வந்து நிக்கிறன் அம்மம்மா. அதுக்கும் ஸ்தோத்திரமோ? அப்ப மாமாவுக்கும் சொல்லுங்கோவன் ஒரு ஸ்தோத்திரம்!"

மாமா என்றால் அம்மாவின் தம்பி. 2009 மே மாதத்துக்குப் பிறகு அவரைப் பற்றி எங்களுக்கு ஒரு தகவலும் இல்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் வீதியோரம் இருக்கத் தொடங்கினபோது, அம்மம்மாவும் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று தரம் போய் இருந்தவ. அவவிடம் இப்படிக் கேட்டுவிட்டேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கேல்லை.

அம்மம்மா கோபிக்கவில்லை. கண்ணைத் திறக்கவுமில்லை. "அதுக்கு நான் ஒரு நாளும் ஸ்தோத்திரம் சொன்னதில்லைப் பிள்ளை. அதைக் கேக்கிறனான். தந்ததுக்கு நன்றி சொல்லுறன், தராததைக் கேக்கிறன். ரெண்டும் அவரிட்டத்தான்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைத் தொடர்ந்தா. இரண்டாவது ஸ்தோத்திரம், மூன்றாவது ஸ்தோத்திரம். அதன்பிறகு மாமாவின் பேரைச் சொல்லி, "எங்க வச்சிருக்கிறீர் ஆண்டவரே?" என்று கேட்டா.

அப்போதுதான் விளங்கியது. 13 வருஷமாக அவ இதை ஒவ்வொரு இரவும் கேட்டுக்கொண்டிருக்கிறா. மூன்று ஸ்தோத்திரத்துக்குப் பிறகு அந்தக் கேள்வி ஒவ்வொரு நாளும் வந்திருக்கிறது. நாங்கள் முருங்கைப் பிஞ்சுக்குச் சிரித்து முடிக்கிற அவசரத்தில் அதைக் கவனிக்கவேயில்லை.

நன்றியுள்ள கிறிஸ்தவன் என்றால் எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டு "எல்லாம் நன்மைக்கே" என்று சொல்கிறவன் என்றுதான் நான் நினைத்திருந்தேன். சபையில் அப்படிச் சொல்லுகிறவர்களையும் நிறையக் கண்டிருக்கிறேன். செத்த வீட்டிலும் சொல்லுவார்கள். ஆனால் வேதாகமம் அவ்வளவு லேசாகப் பேசுவதில்லை. 13ஆம் சங்கீதம் "இன்னும் எவ்வளவு காலம்?" என்று கடவுளைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் தொடங்குகிறது, பாட்டில்தான் முடிகிறது. 88ஆம் சங்கீதம் அப்படிக்கூட முடிவதில்லை. அது இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. இரண்டையும் ஒரே புத்தகத்தில், துதிப் பாட்டுகளோடுதான் வைத்திருக்கிறார்கள்.

பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது எல்லாவற்றிலும் நன்றி சொல்லச் சொல்கிறார். அங்கே "எல்லாவற்றிலும்" என்பதைக் கவனியுங்கள். இழப்புக்காக நன்றி சொல்வது ஒன்று. இழப்புக்குள் இருந்துகொண்டு நன்றி சொல்வது இன்னொன்று. எபேசியருக்கு எழுதின நிருபத்தில் "எல்லாவற்றிற்காகவும்" என்றும் அவர் எழுதியிருக்கிறார் என்பது தெரியும். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் மாமாவைப் பொறுத்தவரை அந்த வார்த்தை என் வாயில் இன்னும் வரவில்லை. வராததை வந்ததுபோல நடிக்கச் சொல்லி ஆண்டவர் கேட்கிறார் என்றும் நான் நம்பவில்லை.

அந்த இரவுக்குப் பிறகு நானும் ஒரு கொப்பியில் நாளுக்கு மூன்று எழுதத் தொடங்கினேன். முதல் கிழமை நல்லாகப் போனது. இரண்டாம் கிழமை பார்த்தால் எல்லா நாளும் ஒன்றுதான்: "சாப்பாடு, குடும்பம், சுகம்." மூன்றாம் கிழமை கொப்பியைத் திறக்கவே அலுப்பாக இருந்தது. உங்களில் சிலருக்கும் இது நடந்திருக்கும். வருஷம் தொடங்கும்போது வாங்கின நன்றிக் கொப்பி மாசி மாதத்தில் மேசைக்குக் கீழே கிடக்கும்.

எங்கே பிழைத்தது என்று யோசித்தபோது அம்மம்மாவின் சட்டம் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு நடந்ததாக இருக்கவேணும். "சாப்பாட்டுக்கு நன்றி" என்று அவ சொல்லி நான் கேட்டதில்லை. "பக்கத்து வீட்டுப் பிள்ளை கொண்டுவந்து தந்த கத்தரிக்காய்க்கு" என்றுதான் சொல்லுவா. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு விழுந்த மன்னாவும் அப்படித்தான். ஓய்வுநாளுக்கென்று எடுத்து வைத்ததைத் தவிர, மற்ற நாளில் மிச்சம் பிடித்தால் அடுத்த நாள் புழுத்துவிடும். நேற்றுப் பொறுக்கினது இன்றைக்கு உதவாது. நன்றியும் அந்தந்த நாளுக்குத்தான் பொறுக்க வேண்டும். அதற்கு அந்த நாளை ஒருக்கால் திரும்பிப் பார்க்க வேண்டும். அம்மம்மா அன்றைய நாள் முழுக்க அந்த மூன்றைத் தேடிக்கொண்டுதான் திரிந்திருப்பா என்று இப்போது நினைக்கிறேன்.

மன்னாரைச் சேர்ந்த என் கத்தோலிக்கச் சிநேகிதி ஒருத்தியிடம் இதைச் சொன்னேன். அவள் புனித இஞ்ஞாசியாரைப் பற்றிச் சொன்னாள். 1548 இல் அச்சான அவருடைய ஆன்மிகப் பயிற்சிகள் நூலில், நாளை ஆராய்ந்து பார்க்கிறதுக்கு ஐந்து படிகள் இருக்கின்றன. முதற்படி பாவத்தைத் தேடுவது இல்லை, பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்வது. அதற்குப் பிறகுதான் பிழைகளைப் பார்ப்பது. எங்கள் அம்மம்மா இஞ்ஞாசியாரைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டா. ஆனால் ஒழுங்கு ஒன்றுதான்.

இன்னொரு பிழையையும் சொல்லவேணும். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வருஷம் எனக்கு யாழ்ப்பாணத்திலேயே ஒரு வேலை கிடைத்தது. சபையில் அறுவடைப் பண்டிகை. வாழைக்குலை, தேங்காய், பூசணிக்காய் என்று பீடத்துக்கு முன்னால் குவிந்து கிடந்தது. ஆராதனை முடிய ஏலம். அதுக்கு முதல் சாட்சி சொல்கிற நேரத்தில் நான் எழும்பினேன். "எத்தனையோ பேர் வேலை இல்லாமல் இருக்க, ஆண்டவர் என்னைக் கைவிடவில்லை" என்று சொன்னேன். எல்லாரும் "ஆமென்" சொன்னார்கள். இருந்த பிறகுதான் மூன்றாவது வாங்கில் என்னோடு ஞாயிறு பாடசாலையில் படித்தவள் இருப்பதைக் கண்டேன். என்னுடைய வேலை போன அதே மாதம் அவளுடைய வேலையும் போனது. அவளுக்கு இன்னும் ஒன்றும் சரிவரவில்லை. ஆராதனை முடிய அவளே வந்து என் கையைப் பிடித்து, "சந்தோஷமடி" என்றாள்.

அப்படியென்றால் அவளை ஆண்டவர் கைவிட்டாரா? என்னுடைய சாட்சிக்கு அதுதானே அர்த்தம்?

அன்றைக்குப் பின்னேரம் லூக்கா 17ஆம் 18ஆம் அதிகாரங்களைச் சேர்த்து வாசித்தேன். முதலாவதில் பத்துக் குஷ்டரோகிகள் சுகமாகிறார்கள், ஒருவன் மட்டும் இயேசுவிடம் திரும்பி வருகிறான். அவன் ஒரு சமாரியன். அடுத்ததில் ஒரு பரிசேயன் ஆலயத்தில் நின்று ஜெபிக்கிறான். அந்த ஜெபமும் நன்றியில்தான் தொடங்குகிறது! தான் மற்றவர்களைப்போல இல்லை என்பதற்காக அவன் நன்றி சொல்கிறான். சமாரியனுக்குத் தந்தவரின் முகம்தான் தெரிந்தது. பரிசேயனுக்குத் தூரத்தில் நின்ற ஆயக்காரன்தான் தெரிந்தான். நான் அன்று சபையில் சொன்னது யாருடைய நன்றி என்று நீங்களே சொல்லுங்கோ.

"எங்களைவிடக் கஷ்டப்படுற ஆக்களைப் பார், நாங்கள் எவ்வளவோ பரவாயில்லை" என்று சொல்லித்தான் எங்களுக்கு நன்றி பழக்கினார்கள். ஆறுதலுக்கு அது சரி. ஆனால் அந்த நன்றி நிற்பதற்கு எங்களுக்குக் கீழே யாராவது ஒருத்தர் எப்பவும் கஷ்டப்பட்டுக்கொண்டே இருக்கவேணும். அம்மம்மாவின் மூன்றில் ஒப்பீடு இருந்ததேயில்லை. முருங்கைப் பிஞ்சுக்கு நன்றி சொல்ல, பக்கத்து வீட்டு முருங்கை பட்டுப்போகத் தேவையில்லை.

அடுத்த கிழமை அவளுடைய வீட்டுக்குப் போனேன். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. இரண்டு பேரும் இருந்து அவளுடைய விண்ணப்பங்களை எழுதினோம். பிளேன்டீ குடித்தோம். அன்றிரவு என் கொப்பியில் அவள் தந்த பிளேன்டீ முதலாவதாக வந்தது.

இப்போது அம்மம்மாவுக்கு 84 வயசு. ஞாபகம் குறைந்துவிட்டது. சில இரவு ஒரே காரியத்தை மூன்று தரம் சொல்லி மூன்று ஸ்தோத்திரமாக்கிப் போடுவா. சில இரவு அதுவும் வராது, எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பா. அந்த நாட்களில் நான் சொல்லுவேன், அவ "ஸ்தோத்திரம்" என்று மட்டும் சேர்த்துச் சொல்லுவா. ஆனால் மாமாவின் பேரை அவ மறக்கவில்லை. கடைசியில் அந்தக் கேள்வி மட்டும் இன்னும் அவவின் குரலில்தான் வருகிறது. பதில் வரவில்லை. அவ கேட்பதை விடவுமில்லை.

நன்றி சொன்னால் கவலை தீர்ந்துவிடும் என்று நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. எங்கள் வீட்டில் தீரவில்லை. ஆனால் தந்ததைக் கண்டு நன்றி சொல்லப் பழகின ஒருத்தியால்தான், தராததை அவரிடமே இத்தனை வருஷமாகத் துணிந்து கேட்க முடிந்தது என்று நினைக்கிறேன். தந்தவரின் கையை ஒவ்வொரு நாளும் பார்க்காமல் விட்டிருந்தால், எப்பவோ அந்தப் பாயைச் சுருட்டி வைத்திருப்பா.

இன்றிரவு நித்திரைக்குப் போக முதல் ஒருக்கால் உங்கட நாளைத் திரும்பிப் பாருங்கோ. மூன்று போதும். இன்றைக்கு நடந்ததாக இருக்கவேணும், வேறு ஆரோடும் ஒப்பிடாததாக இருக்கவேணும். அதுக்குப் பிறகு உங்களுக்குக் கேட்க இருக்கிறதையும் மறைக்காமல் கேளுங்கோ.

என்னுடைய மூன்று இவை. விடியக் கிணற்றடியில் அம்மா பாடிக்கொண்டிருந்தது கேட்டது. மழைக்கு முதல் தம்பி கொடியில் கிடந்த உடுப்பை எடுத்து வைத்தான். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மம்மா வந்து, என்னுடைய பேரைச் சரியாகச் சொல்லிக் கூப்பிட்டா.

ஸ்தோத்திரம் ஆண்டவரே. மாமா எங்கே?