கழுத்தில் அறுவை, வயிற்றில் வலி



நம் கழுத்தில் தைராய்டு சுரப்பியின் பின்புறம் அரிசி அளவில் நான்கு சிறு சுரப்பிகள் உள்ளன. பாராதைராய்டு என்பது அவற்றின் பெயர். இரத்தத்தில் உள்ள கால்சியத்தை அளவோடு வைத்திருப்பது அவற்றின் வேலை. இலண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் 1849இல் இறந்த இந்தியக் காண்டாமிருகம் ஒன்றின் உடலை ஆராய்ந்தபோதுதான் ரிச்சர்ட் ஓவன் இச்சுரப்பியை முதலில் கண்டார். 1925இல் வியன்னாவில் ஃபெலிக்ஸ் மாண்டல், டிராம் வண்டி நடத்துநர் ஒருவருக்கு இதில் முதல் அறுவைச் சிகிச்சையைச் செய்தார்.

இச்சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்தால் எலும்பு தேயும். சிறுநீரகத்தில் கல் சேரும். சிலருக்குக் கணையமும் அழலும். அரிதாக, சுரப்பியை அகற்றிய பிறகும் கணைய அழற்சி வருவதுண்டு.

ஜாசின் வட்டாரத் தோட்டமொன்றில் உதிரிப்பழம் பொறுக்கும் தாய் ஒருவருக்கு இப்படித்தான் நேர்ந்தது. அவர் மகள் என் மாணவி. அறுவை முடிந்த இரண்டாம் நாள் அம்மாவுக்கு வயிறு வலித்தது. "வெறும் வாயுதான், தாதியைத் தொந்தரவு செய்யாதே," என்று மகளைத் தடுத்தார். கழுத்தை அறுத்ததற்கும் வயிற்றுக்கும் என்ன தொடர்பு என்பது அவர் எண்ணம். மகள் கேட்கவில்லை. அம்மாவுக்கு 'உலு ஹாத்தி'யில் வலி, முதுகுவரை பாய்கிறது, இருமுறை வாந்தி என்று தாதியிடம் மலாயில் தெளிவாகச் சொன்னாள். நெஞ்சுக்குழிக்கு மலாயில் அதுதான் பெயர். உடனே இரத்தம் சோதித்தார்கள். கணைய நொதி பன்மடங்கு உயர்ந்திருந்தது. உணவை நிறுத்தி, சிரை வழியே நீர் ஏற்றி, வலிக்கு மருந்து கொடுத்தார்கள். அம்மா பிழைத்து வீடு திரும்பினார்.

இந்த அறுவைக்குப் பின் உதடும் விரல்நுனியும் மதமதத்தால் கால்சியம் குறைகிறது என்று பொருள். அதை மருத்துவரே முன்கூட்டிச் சொல்லிவிடுவார். வயிற்றுவலியோ நாம் வாய் திறந்து சொன்னால்தான் தெரியும்.

தோட்டத்துப் பெற்றோர் பலருக்கு மருத்துவமனையில் பிள்ளைகளே மொழிபெயர்ப்பாளர்கள். ஆகவே, நெஞ்சுக்குழி, விலா, அடிவயிறு, கணையம் ஆகியவற்றைத் தமிழிலும் மலாயிலும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். வலி எங்கே, எப்போது தொடங்கியது, எங்கே பரவுகிறது என்று மூன்று வாக்கியங்களில் சொல்லப் பழக்குங்கள். இது தேர்வில் வராத பாடம். ஆயினும் ஓர் உயிரைக் காக்க வல்லது.