குட்லண்ட்ஸின் கப்பல் தச்சர்கள்

மொரிஷியஸ் தீவின் வடகிழக்கே, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது குட்லண்ட்ஸ். அங்கே ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். கட்டுவது மேசைமேல் நிற்கும் மாதிரிக் கப்பல்கள்தான். ஆனால் அடிமரமான ஏரா, விலாச் சட்டமான வங்கு, பலகை, தளம், பாய்மரம் என்று பெரிய கப்பல் எந்த வரிசையில் எழும்புமோ, அதே வரிசையில்தான் இவையும் எழும்புகின்றன. 1960களின் கடைசியில் கியூர்பிப் பகுதியில் தொடங்கிய இந்தக் கைத்தொழில், இன்று தீவின் அடையாளங்களில் ஒன்று.

ஐரோப்பாவில் இதைப் பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் பெட்டியில் வரும் தொகுப்பை வாங்குவார்கள். லேசரில் வெட்டிய துண்டுகள் எண் போட்டு அடுக்கியிருக்கும். பார்த்து ஒட்டினால் போதும். இங்கே அப்படிப் பெட்டி எதுவும் வருவதில்லை. கடல்சார் அருங்காட்சியகங்களின் வரைபடங்களை அளவு குறுக்கி, தேக்கிலும் கற்பூர மரத்திலும் ஒவ்வொரு துண்டையும் இவர்களே அறுத்துக்கொள்கிறார்கள்.

பலகை பதிக்கும் தச்சரின் பக்கத்தில் நெடுநேரம் நின்றேன். கப்பலின் இடுப்பு அகலம், முன்முனையான அணியம் ஒடுங்கியது. ஒரே அகலமுள்ள பட்டைகளை வரிசையாக ஒட்டிக்கொண்டே போனால், முன்பக்கம் வந்ததும் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். அதனால் ஒவ்வொரு பட்டையையும் முனை நோக்கிச் சீவி ஒடுக்குகிறார். பிறகு நீரில் ஊறவைத்து, சூடு காட்டி, வங்கின் வளைவுக்கு மெல்லப் பழக்குகிறார். விரலால் தடவிப் பார்த்து, சற்றே மேடு தட்டினாலும் மறுபடி சீவுகிறார். அளவுகோலை அவர் தொட்டதை நான் பார்க்கவில்லை.

வண்ணம் பூசுவதற்கும் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். 1805இல் டிரபால்கர் போரில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் கொடிக்கப்பலாக நின்ற விக்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட அதன் உடல், மாதிரி செய்கிறவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் போர்ட்ஸ்மத்தில் இருக்கும் அசல் கப்பலின் பழைய வண்ண அடுக்குகளை ஆராய்ந்ததில், போரின்போது அந்த மஞ்சள் வெளிறிய, இளஞ்சிவப்பு கலந்த காவியாக இருந்தது தெரியவந்தது. 2015இல் அசல் கப்பலுக்கே அந்த நிறத்தை அடித்தார்கள். இனி விக்டரி செய்கிறவர் எந்த விக்டரியைச் செய்கிறோம் என்று முடிவு செய்துவிட்டுத்தான் தூரிகையைத் தொட வேண்டும்.

கயிறு கட்டும் அறையில் எல்லோரும் பெண்கள். பாய்மரத்தைத் தாங்கி நிற்கும் கயிறுகளுக்குக் கறுப்பு நூல். அசல் கப்பலில் அவற்றுக்குத் தார் பூசியிருப்பார்கள். பாயையும் அதைத் தாங்கும் குறுக்குமரமான பருமலையும் இழுத்து இறக்கும் கயிறுகளுக்கு வெளிர் நூல். இடுக்கியால் நூலைப் பிடித்து, மாலுமிகள் ஏறும் நூலேணியின் ஒவ்வொரு படியையும் தனித்தனி முடிச்சாகப் போடுகிறார்கள். “ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலா இழுத்துட்டா மரம் சாஞ்சிடும். அப்புறம் மொத்தத்தையும் அவிழ்க்கணும்” என்றார் மூத்த பெண்மணி ஒருவர், என் பக்கம் திரும்பாமலே. கடைசியில் பாய்களைத் தேயிலைச் சாயத்தில் நனைத்து, வெயிலும் மழையும் பட்டது போன்ற பழுப்பை ஏற்றுகிறார்கள். பெரிய கப்பல் ஒன்றில் இப்படி நூற்றுக்கணக்கான மணி நேர உழைப்பு அடங்கியிருக்கிறது.

கப்பலும் தச்சும் இந்தத் தீவுக்குப் புதியவை அல்ல. 1744இல் செயின்ட் ஜெரான் என்ற பிரெஞ்சுக் கப்பல், இந்தக் கரைக்கு எதிரே ஆம்பர் தீவை ஒட்டிய பவளப் பாறையில் மோதி உடைந்தது. ‘பால் எ வர்ஜினி’ நாவல் அந்த விபத்தை வைத்து எழுதப்பட்டது. அப்போது ஆளுநராக இருந்தவர் லா பூர்தொனே. போர்ட் லூயிஸ் துறைமுகத்தை எழுப்பியவர். 1746இல் இங்கிருந்து கப்பற்படையோடு போய்ச் சென்னையைப் பிடித்தவரும் அவரே. அவர் பெயரில் நினைவுச் சின்னங்கள் இருக்கின்றன. அந்தத் துறைமுகத்தைக் கட்டப் புதுச்சேரியிலிருந்து வந்த தமிழ்த் தச்சர்களையும் கொத்தனார்களையும் வரலாறு ‘கைவினைஞர்கள்’ என்று மொத்தமாகச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறது.

இன்றும் அதுவே நடக்கிறது என்பதுதான் என் வருத்தம். விற்பனைக் கூடத்தில் நான் பார்த்த கப்பல்களின் பித்தளைத் தகட்டில் கப்பலின் பெயர் இருந்தது, ஆண்டு இருந்தது. பலகை பதித்தவர் பெயரும் முடிச்சுப் போட்டவர் பெயரும் இல்லை. ஓவியத்தின் மூலையில் ஓவியர் கையெழுத்து இருக்கிறது. நெய்தவர் பெயரோடு சேலை விற்கும் கடைகளும் வந்துவிட்டன. இந்தத் தகட்டில் இன்னும் இரண்டு வரிக்கு இடமிருக்கிறது. வாங்குகிறவர்கள் நாம். ‘இதைச் செய்தவர் யார்?’ என்று நாம் கேட்கத் தொடங்கினால் பட்டறைகள் எழுதத் தொடங்கும்.