இரணைமடுவில் ஒரு கிணறு

கிளிநொச்சியைத் தாண்டிக் கண்டி வீதியால் தெற்கே சிறிது தூரம் சென்று, கிழக்கே திரும்பினால் இரணைமடு அணைக்கட்டு. ‘இரணை’ என்றால் இரட்டை. இரு மடுக்கள் இருந்த இடத்தைக் கனகராயன் ஆற்றை மறித்து ஒரே குளமாக்கினார்கள். ஆங்கிலேயப் பொறியியலாளர் ஹென்றி பாக்கர் வரைந்த திட்டத்தின்படி 1902 ஆம் ஆண்டில் தொடங்கிய வேலை 1920 ஆம் ஆண்டளவில் முற்றுப்பெற்றது. மாரியில் அணைமேல் நின்று நோக்குபவருக்கு அக்கரை தெரிவது அரிது.

ஆயினும் சென்ற விடுமுறையில் என் கண்ணை ஈர்த்தது காலின்கீழ்க் கிடந்த செம்மண்ணே. சரளைக் கல்லும் அதன்மேற் செம்மணலுமாக அமைந்த இப்படிவுக்கு, இவ்வூரின் பெயரையே சூட்டியுள்ளனர். தென்கரையில் அம்பாந்தோட்டைப் பக்கத்துப் படிவும் ‘இரணைமடுப் படிவு’ என்றே வழங்கும். கற்கால மாந்தரின் கருவிகள் அதிற் கிடைத்துள்ளன. மணலுக்குச் செந்நிறம் தந்தது இரும்பு. நம் வீட்டு மண்வெட்டியிற் படியும் கறளின் இனந்தான்.

குளத்துக்கு அப்பால் என் சிறிய தாயாரின் மகள் வீடு. அங்கே தேநீர் மைபோற் கறுத்து வந்தது. நான் கோப்பையை உற்று நோக்குவதைக் கண்டு, “அள்ளேக்கை பளிங்கு மாதிரித்தான் இருக்கும் அண்ணை, விடியப் பார்த்தால் காவி படிஞ்சிருக்கும். பிள்ளைக்குத் தெளிஞ்சதைத்தான் வடிச்சு, கொதிக்கவைச்சுப் பால்மா கரைக்கிறன்” என்றாள். மடியில் மூன்று மாதப் பேரன். தாய்க்குச் சுகமின்மையால் அவனுக்குப் புட்டிப்பால்.

கறுப்புக்குக் காரணம் எளிது: தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் கூடினால் மையாகும். செம்மண் முழுவதும் நீரிற் கரைந்துவிடுவதில்லை. மண்ணின் ஆழத்திலே இலைகுழை மக்கி, நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்தபின், நுண்ணுயிர்கள் இரும்பையும் அதன் இரணையான மங்கனீசையும் கரையச் செய்கின்றன. அள்ளிய நீரிற் காற்றுப்பட்டதும் இரும்பு சில மணி நேரத்திற் காவியாய்ப் படிந்துவிடும். மங்கனீசோ அத்தனை விரைவில் வெளிப்படாது; நாட்கணக்கில் நிறமற்றுக் கரைந்தே கிடக்கும்.

இதைக் கேட்டதும் அவள் முகம் மாறியது. தெளிய வைத்தது காவியை நீக்கியது. மங்கனீசு இருந்திருந்தால், அது தெளிந்த பங்கிலேதான் இருந்திருக்கும். கொதிக்க வைத்தாற் கிருமி சாகும். உலோகம் சாகாது, நீர் வற்றிய அளவுக்குச் செறிவு கூடும்.

மங்கனீசு உடலுக்குச் சிறிதளவு வேண்டியதே. பச்சைக் குழந்தை அதை மிகுதியாய் உறிஞ்சும், குறைவாய்க் கழிக்கும்; பால்மாவிலும் அது ஓரளவு உண்டு; தாய்ப்பாலில் மிகச் சொற்பம். கனடாவின் கியூபெக் மாகாணத்திலே கிணற்று நீர் குடித்த 362 சிறுவரை ஆராய்ந்து 2011 இல் வெளியிட்ட அறிக்கை, மங்கனீசு மிகுந்த நீர் குடித்தோரிடம் அறிவுத்திறன் மதிப்பெண் குறைந்திருந்ததைக் காட்டிற்று. அது ஒன்றினால் காரணம் நிறுவப்பட்டதென்று கூற மாட்டேன். எனினும் உலகச் சுகாதார நிறுவனம், புட்டிப்பாற் குழந்தையை மனத்திற்கொண்டு, லீற்றருக்கு 0.08 மில்லிகிராம் என்று தற்காலிக எல்லை வகுத்துள்ளது. இலங்கைத் தரநியமத்தில் மங்கனீசுக்கு 0.1, இரும்புக்கு 0.3. நாவுக்கும் துணிக்கும் தொல்லை தரும் இரும்பைப் பார்த்து அஞ்சுகிறோம். பாராததை அளந்துதான் அறியவேண்டும்.

நீரை உயரத்திலிருந்து பொழியவிட்டு மணலில் வடித்தால் இரும்பு பெரும்பாலும் நீங்கும். மங்கனீசுக்குத் தனி வடிகட்டி வேண்டும். ஆனால் அளவு தெரியுமுன் பணத்தைக் கொட்டுவானேன்?

மறுநாட் காலை, துப்புரவான போத்தலொன்றைக் கிணற்று நீராலேயே மும்முறை அலசி நிரப்பி, நாளும் நேரமும் எழுதி ஒட்டினேன். நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்திற் கொடுக்க அதைக் கையிற் பிடித்தபடி பேருந்தேறினேன். முடிவு வரும்வரை பேரனுக்குக் குழாய்நீரே கரைப்பதென்று, தங்கை குடத்துடன் வீதியோரத்துப் பொதுக்குழாய்க்கு நடந்துகொண்டிருந்தாள்.