கேள்விக்குறி போட்டால் பதில் சொல்லும்

கலைப்பீடத்துக்காரருக்கு ஒசிலஸ்கோப்போட என்ன வேலை என்று கேட்காத ஆளில்லை. மொழியியல் படிக்கிற எங்களுக்கு வேலை இருந்தது. 'பாடு' என்னும்போது நாக்கு ஒருக்காத் தட்டிவிட்டுப் போய்விடும். 'பாட்டு' என்றால் நடுவில் ஒரு சின்ன மௌனம். அந்த இடத்தில் திரையில் கோடு நேராகக் கிடக்கும். ஒரு ஒற்றெழுத்து செய்யிற வேலையைக் கண்ணால் காணலாம். கண்காட்சிக்கு வருகிற பாடசாலைப் பிள்ளைகள் தாங்களே மைக்கில் சொல்லி இதைப் பார்க்க வேண்டும் என்பது எங்கட ஆசை.

கருவி பொறியியல் பீடத்து டெக்ட்ரோனிக்ஸ். பகலில் அவர்களுக்குச் செய்முறை, பின்னேரம் எங்களுக்கு இரவல். குறுக்காக ஒரு கட்டத்துக்கு 100 மில்லிசெக்கன் வைத்தால் 10 கட்டத்துக்குள், அதாவது ஒரு செக்கனுக்குள், ஒரு சொல் அடங்கும். நெடுக்காக 50 மில்லிவோல்ட். இதெல்லாம் சுகம். கஷ்டம் ட்ரிகர் மட்டம். மின்விசிறிச் சத்தத்துக்கு அது எழும்பக்கூடாது, கூச்சப்படுகிற பிள்ளையின் குரலுக்கு எழும்ப வேணும். அதைப் பிடிக்கவே ஒரு பின்னேரம் போனது.

அடுத்தநாள் போனால் எல்லாம் மாறிக் கிடக்கும். யாரோ ஓட்டோசெற் அழுத்தியிருப்பார்கள். அது திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரும் அலைக்கு நல்லது, பேச்சுக்கு உதவாது. கோபிக்கவும் ஏலாது, இரவல் வாங்கினது நாங்கள். கருவிக்குள்ளேயே சேமிக்க இடம் உண்டுதான், ஆனால் அதுவும் பொதுச்சொத்து. எங்கடதுக்கு மேல் இன்னொருவர் சேமித்துவிட்டால் சரி.

அந்தப் பீடத்து அண்ணா ஒருவர் யூஎஸ்பி வயரைக் கொழுவி, லினக்ஸ் லப்டொப்பில் கறுப்புத் திரையைத் திறந்தார். எஸ், ஈ, ரீ என்று மூன்று எழுத்து, கடைசியில் கேள்விக்குறி. கருவி தன் நிலைமை முழுவதையும் ஒரே மூச்சில் எழுத்தாகத் தந்தது. அதை ஒரு கோப்பில் போட்டார். பிறகு வேண்டுமென்றே ஓட்டோசெற்றை அழுத்தி, எங்கட நெஞ்சு பதற, அதே கோப்பைத் திருப்பி அனுப்பினார். எல்லாம் பழைய இடத்தில்!

கருவியோடு கதைக்கிற இந்த மொழிக்கு எஸ்சிபிஐ என்று பேர். 1990இல் வந்த பொதுத்தரம். பெரும்பாலும் கேள்விக்குறி போட்டால் அது வினா, போடாவிட்டால் கட்டளை. எங்களைப் பிடித்தது இன்னொன்று: கருவி தந்த பதிலே கட்டளைகளின் வரிசைதான். நடுவில் அரைப்புள்ளிகள். அதனால்தான் திருப்பி அனுப்பினால் வேலை செய்கிறது. கோப்பைத் திறந்து எங்கட 50 மில்லிவோல்ட்டை நாங்களே தேடி வாசித்தோம். சில கருவிகள் இதையே வாசிக்க ஏலாத பைட்டுக் கட்டாகத் தருமாம். அதுவும் வேலை செய்யும், ஆனால் எங்களுக்கு வாசிக்கக்கூடியதுதான் விருப்பம்.

இப்போது பின்னேரம் போனவுடன் வயர், கோப்பு, மைக். நாலு நிமிசம் காணும். மைக் அம்ப்ளிஃபையரின் குமிழ் மட்டும் கோப்புக்குத் தெரியாது, அது ஒசிலஸ்கோப்புக்கு வெளியே. அதில் வெள்ளைப் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறோம்.