முன்னும் பின்னும்

சென்ற ஐப்பசி அடைமழையில், தாளடி நாற்றுக் கட்டுகளுடன் ஒரத்தநாட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது, என் பழைய வில்லிஸ் ஜீப் வண்டிப்பாதைச் சேற்றில் அமிழ்ந்துவிட்டது. பின் சக்கரங்களில் ஒன்று பம்பரமாய்ச் சுழன்றது. மற்றொன்று மௌனவிரதம் பூண்டது. முன் சக்கரங்களையும் இணைக்கும் கம்பியை மறந்து, நான் விசையையே மிதித்தேன். 'மடார்!' என்று ஒரு சத்தம். அப்புறம் இரண்டு உழவு மாடுகளின் தயவால் சாலை சேர்ந்தேன்.

தஞ்சையில் பட்டறைப் பெரியவர் பின் அச்சின் மூடியைத் திறந்தார். எண்ணெயில் உடைந்த பற்கள் மின்னின.

"தம்பி, வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓடவேண்டும், உட்சக்கரம் குறைவாக ஓடவேண்டும். இரண்டுக்கும் மத்தியஸ்தம் செய்வது இந்த டிபரன்ஷியல். சேற்றிலோ, ஓட்டம் முழுவதும் பிடிப்பில்லாத சக்கரத்துக்கே போய்விடும். அது திடீரென்று தரையைப் பற்றினால் பல் தாங்குமா?" என்றார்.

பழைய சாமான் கடையில் யுத்தகாலத்து ஜீப்பின் டிபரன்ஷியல் ஒன்று மலிவாகக் கிடைத்தது. நாற்று முற்றுகிறதே என்று நான் துடித்தேன். பெரியவரோ நிதானமாகப் பற்களை எண்ணினார்: சிறு சக்கரமான பினியனில் 8, பெரிய கிரௌனில் 39. என் வண்டியின் முன் அச்சிலோ 8-க்கு 43!

"முன்னும் பின்னும் கணக்கு ஒத்திராவிட்டால், நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்போது ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். நாற்றை மாட்டுவண்டி கொண்டுபோகும், இது காத்திருக்கட்டும்" என்றார்.

எட்டாம் நாள் சரியான கிரௌனும் பினியனும் ஜோடியாகவே வந்தன. ஒன்றை மட்டும் மாற்றினால் பல்லோடு பல் பொருந்தாதாம். அதற்குள் நடவு முடிந்திருந்தது, பெருமை மாடுகளுக்கே. இப்போதெல்லாம் ஒரு சக்கரம் தனித்துச் சுழன்றால், உடனே காலை எடுத்துவிடுகிறேன்.